ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

படிவத்தில் ஆறாவது கேள்வி:
நீங்கள் கடந்துவந்த இடர்ப்பாடுகளை
ஐம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதுக.

நான் எழுதினேன்:
ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாது.
புருஷன் இல்லை. பிள்ளைங்க ரெண்டு பேர்.

இன்னாசி சார் விரல்விட்டு எண்ணினார்.
ஒன்பதுதானே ஆச்சு, ஏகவல்லி,
இன்னும் நாற்பத்தொன்று பாக்கி இருக்கே.

பாக்கியை அவரே நிரப்பிவிட்டார் என்பது
இன்று காலை மேடையில்தான் தெரிந்தது.
கூவம் கரையில் குடிசை இழந்து
கண்ணீர்க் கடலில் நீந்தி என்று
மைக் சொல்லச் சொல்ல
யாரோ ஒருத்தியை நினைத்து
எனக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்கு நான் அழவில்லை, சார்.
பீரோவை லாரியில் ஏற்ற மாட்டேன் என்றவனோடு
சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.
பீரோ பெரும்பாக்கம் வந்து சேர்ந்தது.
கண்ணாடி மட்டும் போச்சு.

கத்திரி வெயிலில் கறுப்பு அங்கி.
வாடகை நூறு, முன்பணம் இருநூறு,
ஒரு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.
எனக்கு முன்னால் யாரோ போட்ட ஊக்கு
கழுத்தோரம் குத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் தேசப்பன்.
அம்பத்தூர் பிரஸ் ஷாப்பில்
வலக்கையில் இரண்டு விரலை விட்டுவந்தவன்.
ஏசி மெக்கானிக் படிப்பு.
போன மழையில் தன் வீட்டுக் கட்டில் மிதக்க
டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு
தெருத்தெருவாய் மெயினை அணைத்துக்கொண்டு போனான்.
அந்தத் தெருக்களில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை.
அடிக்காத ஷாக்குக்குச் சாட்சி ஏது?
அதை எப்படி எழுதினார்களோ, தெரியவில்லை.
சிறப்பு விருந்தினர் கைகுலுக்கியபோது
விரல் இல்லாத இடத்தில்
அவர் கை ஒரு நொடி தடுமாறியது.
தேசப்பன் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.
அவனுக்கு அது பழக்கம்.

தஸ்லீமா வரவில்லை.
டயாலிசிஸ் வார்டில் இரவு வேலை, ஆள் மாற்ற யாரும் வரவில்லையாம்.
பெயரைப் படித்ததும் அவள் அம்மா
மேடைக்கும் போகாமல், உட்காரவும் செய்யாமல்
கைத்தட்டல் ஓயும்வரை
இருந்த இடத்திலேயே நின்றாள்.

எனக்கு ஆரம்பம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஆறாவது மாடிப் பெரியவர் ஒரு ராத்திரி விழுந்துவிட்டார்.
நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி இறங்க
நான் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு
பின்பக்கமாகவே படியிறங்கினேன்.
கீழே ஆம்புலன்ஸ் பையன் கேட்டான்:
நீங்க நர்ஸா?
இல்லை என்றேன்.
அந்த இல்லை
மூன்று மாதம் தூங்கவிடவில்லை.

சனி ஞாயிறு வகுப்பு, ஒரு வருடம்.
முதல் பாடமே இதுதான்:
நோயாளியைத் தூக்குமுன்
உன் முதுகைக் காப்பாற்றிக்கொள்.
இருபது வருடம் முந்தியே
யாராவது சொல்லியிருக்கலாம்.

அங்கியைக் கொடுத்து முன்பணம் வாங்கி
பஸ் பிடித்து வந்து இறங்கினேன்.
கேடயத்தில் பொன்னெழுத்து:
இடர் வென்றோர்.
லிஃப்ட் கதவில் சாக்பீஸ் எழுத்து:
ரிப்பேர்.

நூற்றிருபத்தாறு படி.
மூன்றாவது மாடியில் மதுரவல்லி அக்கா
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்,
விரலை நீட்டியபடியே.
சர்க்கரை பார்க்கும் மெஷினை
இத்தனை நாளும் மிளகாய்த்தூள் கவரில்தான் சுமந்தேன்.
கேடயம் வந்த பெட்டியில்
நீல வெல்வெட்டில் ஒரு பள்ளம்.
வைத்துப் பார்த்தேன்.
மெஷின் கச்சிதமாக உட்கார்ந்தது,
ஓரத்தில் ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் இடம்.
கேடயத்தைப் பழைய கவரில் போட்டுக்கொண்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
என்னக்கா சாப்பிட்டே என்று அதட்டினேன்.

அது கிடக்கட்டும்,
உனக்கு விருது குடுத்தாங்களாமே,
ஸ்வீட் எங்கடி என்றாள்.

இன்னும் நான்கு மாடி.