வெள்ளிக்கிழமை ஞாயிறு பள்ளி

இங்கே ஞாயிறு பள்ளி வெள்ளிக்கிழமை நடக்கும்.
அது ஏன் என்றுதான் என் மகள் முதலில் கேட்டாள்.
அடுத்த கேள்வி:
மற்ற பிள்ளைங்க எங்கே?

தாக்காவிலிருந்து சலாலாவுக்கு ஒரே வேன்.
முன்னால் நானும் கெசியாவும்.
பின்னால், மத்தி உலர்த்தும் களத்து ஆண்கள் பதினோரு பேர்
குளித்து, அத்தர் பூசி,
அதையும் மீறி மீன்.
சாலைக்குக் குறுக்கே ஒட்டகம் நின்றால்
ஜெபசிங் அண்ணன் கண்ணாடியை இறக்கி
"பாட்டு தொடங்கிருவாங்க, நகருப்பா" என்பார்.
அது நகராது.

ஆராதனைக் கூடத்தின் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள்.
வருகைப் பதிவேடு வாங்கினேன். நாற்பது கோடு.
முதல் கோட்டில் கெசியா.
மூன்று வாரம் அவள் மட்டும் வந்தாள்,
அவளே முதல் பரிசு, அவளே கடைசி.
நான்காம் வாரம்
போக மாட்டேன் என்று வேனிலேயே அழுதாள்.
எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்று பிரசங்கம் முடிந்ததும்
செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார் தங்கையா.
"மேடம், இடம் இருக்கா?"
அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர்.
குட்டை நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்கள்.

பாடம், உப்பு.
உப்பு தன் ருசியை இழந்தால் என்ன ஆகும்?
பதினாறு வருடமாகக் களத்தில் உப்பு போடும் வேதமணி
நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.
"எங்க கம்பெனியில அப்படி ஆனதில்ல மேடம்.
ஈரம் பட்டா கட்டியாகும். அம்புட்டுதான்."
கெசியா சிரித்த சிரிப்பில் பென்சில் உருண்டு போனது.

பதிவேட்டை அவளிடம் கொடுத்தேன்.
பேர் சொல்லுங்க என்றாள்.
தங்கையா தன் பேரைச் சொல்லவில்லை.
"ஆரோன் செல்வின். நாலாம் கிளாஸ்."
அடுத்தவர், "பெனிட்டா. ஒத்த னா இல்ல, டா."
அடுத்தவருக்கு இரட்டையர், இரண்டு கோடு.
வேதமணி, "இன்னும் பேர் வைக்கல பாப்பா.
பொறந்து ஒம்பது நாள். ஒரு கோடு விட்டு வை."
கல்யாணமாகாத ஜெபசிங் அண்ணன்
தன் பேரையே கொடுத்தார்.
அவர் மட்டும் வருகை.

மற்றவர்களுக்கு நேரே என்ன போடுவது?
பேனா அந்தரத்தில் நின்றது.
வரலைன்னு போட்டா பாவம் என்று
அவளாகவே சொல்லிக்கொண்டு
வரிசையாக எழுதினாள்: லீவு.

அந்தச் சொல் அவர்களுக்குத் தெரியும்.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாற்பத்தைந்து நாள்.
யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வேனில் சிக்னல் கிடைத்ததும்
தங்கையாவின் குரல், பின் இருக்கையிலிருந்து:
"ஏல, வசனம் படிச்சியா?
படி. ஒன் பேரை இங்க எழுதியாச்சு."