தாமதக் கொப்பி

கோண்டாவில் டிப்போவில முப்பத்தொரு வருசம்
நேரம் எழுதினவர் இவர்.
பென்சன் வந்த பிறகும் கை சும்மா இருக்கேல்லை.
சனி இரவு ஒன்பதுக்கு
டப்பிங் செய்த அந்த அடிபிடித் தொடர் துவங்க
மூக்குக்கண்ணாடி, நீலப் பேனை,
டிப்போவிலயிருந்து கொண்டுவந்த நீட்டுக் கொப்பி.
புறப்பாடு. வரவு. தாமதம்.

வெள்ளைச் சேட்டுக்காரன்தான் கதாநாயகன்.
ஏழு சீசனாச் சாகாதவன்.
துறைமுகத்தில ஏறினான், விமான நிலையத்தில இறங்கினான்,
நடுவில ஒரு தும்மல் நேரம்.
"இஞ்ச பாரும், இது நாப்பது மைல்.
எழுநூற்றைம்பது பஸ்சே
நெல்லியடியில மூச்சு வாங்கும்.
இவனுக்கு றோட்டில ஒரு மாடுமில்லையோ?
மூண்டு இடத்தில மறிச்சவங்கள்,
ஒருத்தனும் ஐசி கேக்கேல்லை."
எழுதினார்.

போன் சார்ஜ் இறங்காதது, எழுதினார்.
ஆத்துக்குள்ள விழுந்து ஏறியும்
சேட்டு மடிப்புக் குலையாதது, எழுதினார்.
வில்லன் துவக்கை நீட்டிக்கொண்டு ஆறு நிமிசம் கதைச்சான்.
"ஆறு நிமிசத்தில மினிபஸ்காரன் ஆக்களை ஏத்தி,
சண்டை பிடிச்சு, மிச்சக்காசு குடாமல்
தட்டாதெருச் சந்தி தாண்டியிருப்பான்."
சிவப்பு இலக்கத்தில தன்னைத்தானே
எண்ணிக் காட்டுற குண்டை மட்டும் எழுதேல்லை.
"சொல்லிப்போட்டு வாற குண்டை
நான் ஒருநாளும் காணேல்லை" எண்டு
பேனையை மூடித் திறந்தார்.

நான் முருங்கையிலை உருவிக்கொண்டு
"கதைதானேயப்பா, பேசாமப் பாருங்கோ" எண்டுவன்.

போன சனி.
இரண்டாம் சீசனில
எண்ணெய்க் கப்பலோட வெடிச்சுப்போன தாடிக்காரக் கூட்டாளி,
உடம்பு கிடைக்கேல்லை, தொப்பிதான் கிடைச்சது,
தொப்பிக்கு மரியாதை வேட்டும் தீர்த்தவை,
அவன்
தாயின்ர வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள வாறான்.
மழை. பின்னால ஒரு வயலின்.
தாய் கட்டிப்பிடிக்கிறா.
முடிஞ்சுது. சோப்பு விளம்பரம்.

உருவின இலையைக் கீழ வைச்சன்.
"உதென்ன கதை?" எண்டன்.
"ஐஞ்சு வருசம் ஆர் இவனுக்குச் சோறு போட்டது?
ஆர் தலைமயிர் வெட்டினது?
தாய்க்காரி முகத்தைத் தடவிப் பாக்கேல்லை,
இடது புருவத்தில தழும்பு இருக்கோ எண்டு தேடேல்லை.
எங்க இருந்தனி எண்டு கேக்கேல்லை.
கேக்காமல் ஒருத்தி இருப்பாளோ?
கச்சேரியில, கொழும்பில, கமிசனில
பதின்மூண்டு தரம் குடுத்த அதே படத்தை
ஆரிட்டப் போய்த் திருப்பி வாங்கினவள்?
இலக்கம் போட்ட பைலை ஆர் மூடினது?
கதவு பூட்டாமல் கிடந்தது, அதொண்டுதான் சரி.
அதை மட்டும் எழுதினவனுக்கு
ஆரோ சொல்லியிருக்கினம்."

விளம்பரம் முடிஞ்சு போச்சு.
நான் முடிக்கேல்லை.
இவர் றிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சார்.
"கதைதானேயப்பா" எண்டார்
என்ர குரலில.

விடியக் கூட்டேக்க
கொப்பி செற்றிக்கு அடியில கிடந்தது.
சனிக்கிழமைப் பக்கத்தின்ர கடைசி வரி.
புறப்பாட்டில ஒண்டுமில்லை.
தாமதத்தில
பேனையை வைச்சு எடுத்த ஒரு புள்ளி.
வரவு 9.42.

தூசு தட்டி மேசையில வைச்சன்.
வாற சனி அவன் தாயோட இருந்து சாப்பிடுவானோ,
துவக்கெடுத்துக்கொண்டு ஓடுவானோ தெரியாது.
ஓடுவான்.
உவங்கள் ஒருதரையும்
ஒரு நேரச் சோறு முழுசாத் தின்ன விடமாட்டாங்கள்.