வினைமுற்று

ஏரியின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
இரண்டு பக்கம் கேட்டார் முனிரத்தினம் நாயுடு,
பாசன சங்கத் தலைவர்.
"தொரையைப் பத்தி நல்லதும் இருக்கட்டும், கெட்டதும் இருக்கட்டும்.
சரிசமமா வரணும்மா" என்றார்
உர மூட்டைத் தராசில் ஒரு காலை வைத்தபடி.

முதல் வாக்கியத்திலேயே சிக்கிக்கொண்டேன்.
கார்ஸ்வெல் துரை தாது வருஷம் பள்ளிப்பட்டுக்கு வந்தா—
வந்தார் என்றால் மாலை போட்டாயிற்று.
வந்தான் என்றால் கூண்டில் ஏற்றியாயிற்று.
ஒரு ஆள் ஊருக்குள் காலெடுத்து வைப்பதற்குள்
கடைசி எழுத்தில் தீர்ப்பு.
தெலுங்கில் தப்பலாமா என்று பார்த்தேன்.
அங்கேயும் வாசலிலேயே நிற்கிறார்கள்,
இந்தப் பக்கம் ஆயன, அந்தப் பக்கம் வாடு.

சித்தூர் ரிக்கார்டு ரூமில்
மூன்று நாள் தும்மிக்கொண்டே படித்தது:
மழைமானியைத் தானே பார்த்துத்
தன் கையால் எழுதிய சுழியங்கள்.
இருநூற்றுப் பதினொன்று.
ஒன்றுகூட அவசரத்தில் போட்டதில்லை.
கூலி ஒரு ராத்தல் கேழ்வரகு போதாது,
ஒன்றரை ஆக்குங்கள் என்று
சென்னைக்கு மூன்று கடிதம் போயிருக்கிறது.
மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில்.
அதற்கப்புறம் கடிதம் இல்லை.
ஒரு ராத்தலே அளந்திருக்கிறது.

அதே மை, அதே பேனா முள்:
எல்லப்பன், போயன். கூடையில் மண் குறைந்ததற்குப்
பன்னிரண்டு அடி.
அடுத்த வரி: மழை, சுழியம்.

இனி, 'ஆனால்' என்பதை எங்கே வைப்பது?
அடித்தது, ஆனால் ஏரி கட்டியது.
ஏரி கட்டியது, ஆனால் அடித்தது.
ஆனாலுக்குப் பின்னால் இருப்பதைத்தான்
படிக்கிறவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் ஒட்டும் காசுவேலுக்கு
அது துரை பெயர் என்று தெரியும்.
ஜாதகம் எழுதியவர் முருகன் பெயர் என்றே நினைத்தாராம்.
வேல் இருக்கிறதே.

கரை இங்கே; மதகைத் திறந்தால் தண்ணீர் ஆந்திராவுக்கு.
கரைமேல் ஜேசிபியை நிறுத்திவிட்டு
டீ குடித்துக்கொண்டிருந்தார் துளசிராம்,
எல்லப்பன் வழி வந்தவர்.
ஏட்டில் இருந்ததைச் சொன்னேன்.
"பன்னெண்டா? எங்க வீட்ல நாப்பதும்பாங்க."
டீ முடிகிறவரை பேசவில்லை.
பிறகு,
"தூர் வார்ற டெண்டர் பத்தி மலர்ல வருமாக்கா?"

ராத்திரி, எழுதியதைப் படித்துப் பார்த்தால்
போயிருக்கிறது, அளந்திருக்கிறது, அடித்தது, கட்டியது.
கை தானாகவே ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறது.
இந்தப் பக்கத்துப் பேச்சும் அதுதான்:
தொர வந்துச்சு. புலி வந்துச்சு.
சாமி வந்துச்சு. வெள்ளம் வந்துச்சு.
நல்லதாய்ப் போயிற்று என்று விளக்கை அணைத்தேன்.
தூக்கம் வரவில்லை.
வெள்ளத்தின்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.
புலிக்கு மூன்று கடிதம் எழுதத் தெரியாது.
மூன்றோடு நிறுத்தவும் தெரியாது.

காலையில் அச்சகத்திலிருந்து போன்:
"மேடம், உங்க பக்கம் மட்டும்தான் பாக்கி."
எல்லாவற்றையும் அடித்துவிட்டு எழுதினேன்:
தாது வருஷம் எல்லப்பர் இந்தக் கரைக்கு மண் சுமந்தார்.
'அர்' போடும்போது
பேனா ஒரு நொடி தயங்கியதை மறைக்கப் போவதில்லை.
துரை இரண்டாம் வரியில் வரட்டும்.
எப்படி வந்தா—
என்பதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.