பேட்டரிக்குப் படுக்கை

இரவெல்லாம் பேட்டரி வீட்டுக்குள் படுத்திருந்தது,
கதவோரம், மடித்துப் போட்ட கம்பளியின்மேல்.
உலாங்கோம் குளிரில் வெளியே விட்டால்
காலையில் அது வெறும் எடை.
சின்னவன் தெமூலன் அதற்கும் ஒரு முறை
"நல்லாத் தூங்கு" சொல்லிவிட்டுத்தான்
விளக்கை அணைப்பான்.

காலை ஆறு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.
முதலில் மூக்கு மயிர் விறைக்கும்,
அதுதான் எங்கள் தெர்மாமீட்டர்.

எட்டு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும்
நூற்று இருபது ரொட்டி.
போர்வைக்குள் இன்னும் வெதுவெதுப்பாய்ப்
புரண்டு கொடுக்கின்றன.
வேனோ வேலியோரம்
கல்லாய்ச் சமைந்து நிற்கிறது.

வயிற்றுக்கடியில் தகரத் தட்டு, தட்டில் நிலக்கரித் தணல்.
எண்ணெய் இளகும்வரை
பக்கத்தில் குந்திக் கெட்ட வார்த்தை சொல்வது
என் பொறுப்பு.
நேற்று மாலை வடித்து வைத்த தண்ணீரை
அடுப்பில் காய்ச்சி ரேடியேட்டரில் ஊற்றினேன்.
ஆவி எழுந்தது, என் இமைவரை வந்தது,
அங்கேயே பனியாகி உட்கார்ந்துகொண்டது.

பேட்டரியை மாட்டவேண்டும்.
கையுறையோடு திருகினால் நட்டு வராது.
கழற்றிவிட்டுத் திருகினால்
கை திரும்பி வராது.
பத்து எண்ணுவதற்குள் ஒரு நட்டு,
அக்குளில் கை, மறுபடி பத்து.

சாவியைத் திருப்பினேன்.
ஒரு முனகல்.
இன்னொன்று.
பிறகு அதுவும் இல்லை.
கிராங்குக் கம்பியை முன்னால் செருகிச் சுழற்றினேன்,
தோள்பட்டை கழன்றுவிடும்போல்.
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

வேலிக்கு அப்பால் பூரெவ்ஜாவ்.
இந்த வேனை எனக்கு விற்றவர்.
"தங்கமான வண்டி" என்றவர்.
அக்டோபரில் கடைவாசலில் நாலு பேர் முன்னால்
மோசக்காரன் என்று நான் சொன்னதிலிருந்து
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
பார்க்காததுபோல் பார்ப்பதில் கெட்டிக்காரர்.
என் எட்டாவது சுற்றில் பொறுக்கமாட்டாமல்
வேலி தாண்டி வந்துவிட்டார்.
நலம் விசாரிக்கவில்லை. நானும் இல்லை.

இரண்டு இருக்கைக்கும் நடுவேதான் இன்ஜின்,
மேலே நான் தைத்துப் போட்ட மெத்தை.
அவர் காலத்தில் அங்கே கிழிந்த சாக்கு.
மெத்தையை விலக்குமுன் தையலை
விரலால் ஒரு முறை நீவினார்.
பிளக்கைக் கழற்றி முகர்ந்தார்.
"காய்ஞ்சு கிடக்கு. பெட்ரோல் வரலை,"
இதை என்னிடம் சொல்லவில்லை, இன்ஜினிடம் சொன்னார்.
பெட்ரோல் குழாயை உருவி
வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றி
ஒரு முனையை வாயில் வைத்து
கன்னம் உப்ப ஊதினார்.

மறுமுனையிலிருந்து என் கையுறையில் விழுந்தது
அரிசி நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி.

"பெட்ரோல்ல தண்ணி."
இப்போது என்னைப் பார்த்தார்.
"எந்த பங்க்குல போட்டே?"
சொன்னேன்.
அவருடைய மச்சான் பங்க்.
பூரெவ்ஜாவ் நீளமாக இருமினார்.
கட்டி கரையவில்லை,
நாற்பத்தொன்றில் எது கரையும்?
சாட்சிக்கு வந்ததுபோல்
கையுறையிலேயே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் போய் ஒரு புட்டி ஸ்பிரிட் கொண்டுவந்தார்,
தண்ணீர் கலக்காதது, இந்த முறை சத்தியமாக.
மூடியளவு தனக்கு,
மிச்சம் டாங்குக்கு.

அவர் கிராங்கு, நான் சாவி.
வேனும் அவரைப்போலவே இருமியது.
இருமியது, நின்றது,
நான் மூச்சை விடவில்லை,
பிடித்துக்கொண்டது.

ரொட்டி ஏற்றினோம். அவர் இறங்கவில்லை.
மெத்தைமேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து
இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு
வழிநெடுக ஒன்றும் பேசாமல் வந்தார்.
பின்னால் ஒரு முறை போர்வை சரசரத்தது,
நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடச் சமையல்காரி நோர்ஜ்மா
இரண்டு தடவை எண்ணினாள்.
"நூத்திப் பத்தொன்பதுதான் இருக்கு."
வேன் அணையாமல் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.
ஜன்னல் கண்ணாடிக்குள்
ஒரு தாடை மெதுவாக அசைந்தது.
பெட்ரோல் செலவில் எழுதிக்கொள், என்றேன்.