மூன்றாவது சிலிண்டர்

கொய்ஹைக்கேயில் மைனஸ் பதினொன்று.
சாவி திருப்பினால்
பிக்கப் இருமுகிறது, உதறுகிறது,
வெள்ளைப் புகை கக்கி
மூன்று காலில் நொண்டுகிறது.

"டீசல் உறைஞ்சிருக்கும்."
மூன்று நாளாக ரோசமெல் இதையேதான் சொல்கிறான்.

நெலிதா கையுறை கழற்றி
எக்ஸாஸ்ட் கிளைகளைத்
தொட்டுத் தொட்டு விடுகிறாள்.
சூடு. சூடு.
இது செத்த மீன்.
க்ளோ பிளக் ஒன்று போயிருக்கிறது.

இன்னொன்று, அந்த 'டங்'.
ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது மட்டும்.
பின்னால் ஆடு முட்டுகிறது என்பான்.

எஞ்சினை அணைத்து, பனியில் மல்லாந்து
ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுகிறாள்.
சிலுவை மூட்டின் வாயோரம்
மிளகாய்த்தூளாய்த் துரு.

"கசாப்புக்கூடம் வரைக்கும் போகுமா?"

"போகும்.
திரும்பாது."

பின்தட்டில் ஒன்பது ஆடுகள்
அசைபோடுவதை நிறுத்தின.