எங்கிருந்து அளப்பது

செவ்வாய் மாலை ஏழு மணி.
கோர்ட்னி சமூகக் கூடத்தின் பின்னறை.
சுருட்டிய யோகா பாய்கள் சுவரில் சாய்ந்திருக்க
மேசைமேல் நான் வரைந்த ஹாலோவே ஓடை:
குறிஞ்சியில் கிளம்பி
நெய்தலில் முடியும் பதினேழு கிலோமீட்டர்.
நான்கு மூலைக்கும் நான்கு காப்பிக் கோப்பைகள் காவல்.

கரையோரக் காப்புப் பட்டை
பதினைந்து மீட்டரா, முப்பதா?
மூன்றாவது கூட்டமாக இதே கேள்வி.

முப்பது என்றால்
பதினோரு மாடுகளின் புல் போச்சு என்கிறார் வான்டர்ஹூக்.
தலைக்கணக்கு இல்லை, பெயர்க்கணக்கு:
ரோசி, பிக்சி, கால் இழுக்கும் மார்த்தா...
அவர் பொய் சொல்லவில்லை.

சிப்பி வளர்க்கும் கென் ஒட்சுகா பேசுவதில்லை.
வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக்
கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.
மழைக்குப் பின் அறுவடை மூடிய நாட்கள் சிவப்பு.
நவம்பரில் வெள்ளைக் கட்டங்கள் நான்கு.
மேலே நனையும் சாணம்
மறுநாள் அவர் சிப்பியின் வயிற்றில்.
அவரும் பொய் சொல்லவில்லை.

டெல்ஃபின் ஹாரி,
அவருடைய மக்கள் நட்ட மீன்வேலிக் கழிகள்
முகத்துவாரச் சேற்றில்
நீர் வற்றும்போதெல்லாம் இன்றும் தலைகாட்டும்,
அறிக்கையின் தலைப்பில் விரலை வைத்துக் கேட்டார்:
"மீட்டெடுப்பு என்கிறீர்கள். எந்த ஆண்டுக்கு?"

கூட்டக் குறிப்பில் எழுதினேன்: விவாதிக்கப்பட்டது.
யாரும் விவாதிக்கவில்லை.

காப்புப் பட்டை, காப்புப் பட்டை என்று
அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குள் வேறொரு சொல்:
ஆற்றுப் புறம்போக்கு.
யார் பெயரிலும் பட்டா இல்லாமல்
ஆறு புரண்டு படுக்க விட்டுவைத்த இடம்.
அதை மனைபோட்டு விற்று முடித்த கையோடு
சொல்லை வசவாக்கிக்கொண்டோம்.
இதை இந்த அறையில் யாரிடம் சொல்ல?
காப்பி ஆறிவிட்டது.

சனிக்கிழமை அளவுநாடாவோடு போனேன்.
மூன்று நாள் மழை விட்ட காலை.
சாலைக்கடியில் நெளிதகரக் குழாய்,
அதன் வாய் குட்டைக்கு மேலே முழங்கால் உயரத்தில்.
ஒரு கோஹோ சால்மன்
எகிறும், தகரத்தில் இடிக்கும், விழும்.
ஏழு வரை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.
எங்கள் திட்டத்தில் இந்தக் குழாய்
இணைப்பு மூன்று, வரிசை ஒன்பது,
"நிதி கிடைப்பின்".

சரி, நாடாவின் நுனியை எங்கே வைப்பது?
வரைபடத்தில் நீலக்கோடு பென்சில் அகலம்.
இங்கே இப்போது ஓடும் நீர் ஒன்று,
போன வாரம் ஓடிய தடம் ஒன்று,
இரண்டுக்கும் அப்பால், வேலி தாண்டி,
இலையுதிர்ந்த ஆல்டர் கிளையில், என் கண்ணுயரத்தில்,
சுள்ளியும் வைக்கோலும் கிழிந்த தீவனச் சாக்கும்
சிக்கிச் சொட்டிக்கொண்டிருந்தன.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றையே அளப்பது எப்படி என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

ரப்பர் பூட்ஸ் சளக்கிட வான்டர்ஹூக் வந்து நின்றார்.
சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.
கிளையைப் பார்த்தார். "தொண்ணூறில் இன்னும் மேலே வந்தது,"
நான் கேட்காமலே.
கம்பத்தில் தான் அடித்துவைத்த ஆணியைக் காட்டினார்,
பேரப்பிள்ளை வளர்ந்த உயரத்தைக் காட்டுகிறவர் போல.

பிறகு நாடாவின் நுனியை என் கையிலிருந்து வாங்கி
ஆல்டரின் தண்டில் வைத்து அழுத்திக்கொண்டார்.
"பதினைந்துதான். அதற்கு மேல் ஓர் அங்குலம் கிடையாது."

நீலக்கோட்டிலிருந்து ஆல்டர் வரைக்குமே
இருபத்திரண்டு மீட்டர் என்று எனக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியுமா என்பது
முகத்தில் எழுதியிருக்கவில்லை.
நாடாவை இழுத்துக்கொண்டு
புல்லுக்குள் பின்வாக்கில் நடந்தேன்.

எங்களுக்குப் பின்னால் தகரத்தில் ஓர் இடி.
"அதற்கு எப்போது?" என்றார் அவர்.
"வரிசை ஒன்பது."
அவருக்குப் புரியவில்லை. இன்னொரு இடி.
நாடா விறைத்து நின்றது.