மறுபிடிப்பு

ஜஹ்ரா குளத்து நாணலுக்குள்
வெள்ளிக்கிழமைகளில் வலை கட்டுவோம்.
பம்பு ஓட்டுவதுதான் என் வேலை.
குறிப்பேடு எழுதுவது ஹெஸ்ஸாவுக்காக.
கூலி இல்லை, ஃபிளாஸ்கில் கஹ்வா உண்டு.

அக்டோபர் கடைசி. இரண்டு துணிப்பைகள்.
ஒன்றில் எட்டு கிராம், மற்றதில் எட்டரை.
வெளியே எடுத்தால்
பச்சையுமல்ல பழுப்புமல்ல,
கம்பெனி கொடுத்த சீருடை
நாற்பது தடவை துவைத்தபின் வருமே, அந்த நிறம்.
கண்மேல் மங்கலாய் ஒரு கோடு, இரண்டுக்கும்.
ஒரே குருவியை இரண்டு பையில் போட்டுவிட்டோம் என்றேன்.
என் மகள் வயதுதான் அவளுக்கு; சிரிக்கவில்லை.
எழுது என்றாள்.

கால் கரி: சிஃப்சாஃப்.
கால் வெந்தயம் ஊறிய தண்ணீர்: வில்லோ வார்ப்ளர்.
(சேற்றில் நின்றுவிட்டால் எல்லாக் காலும் கரிதான்;
அதை எழுதக் கட்டம் இல்லை.)
சிறகு, ஸ்கேலில் வைத்து:
ஐம்பத்தொன்பது. அறுபத்தெட்டு.
அந்த ஒன்பது மில்லிமீட்டருக்குள்
பாலைவனம், செங்கடல், அதற்கும் தெற்கே
ஆப்பிரிக்காவில் எங்கோ பெய்யப்போகும் ஒரு மழை
மடித்து வைத்திருக்கிறது.
குட்டைச் சிறகுக்கு இந்தக் குளத்துக் கொசு போதும்,
மார்ச் வரை இங்கேயே.
சும்மா இருக்கும்போதும் வாலைத் தாழ்த்தித் தாழ்த்தி
கிளம்பப்போவது போலவே இருக்கும்.
கிளம்பாது.

குரலில் மட்டும் எனக்குப் பிழை வராது.
குட்டைச் சிறகு 'வீத்'. நீளச் சிறகு 'ஹுவீத்'.
ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கும்
நேரசை நிரையசை மறக்கவில்லை.

குகநேசனுக்கு மன்னார். எனக்கு வேதாளை.
நடுவில் இருக்கும் கடலை
நல்ல காற்றில் ஒரு படகு விடிவதற்குள் தாண்டும்.
வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும்
இங்கே இருவரும் ஹிந்தி.
கேட்டில் சிவில் ஐடியை மாற்றி மாற்றித் தருவான் காவலாளி;
படத்தைப் பார்த்து நாங்களும் ஒரு நொடி தயங்குவோம்.
நான் ஆமாம் என்பேன், அவன் ஓம் என்பான்.
நான் பேசிக்கொண்டிருக்கையில் அவன் கதைத்துக்கொண்டிருப்பான்.
மீன் குழம்பில் அவன் தேங்காய்ப்பால் ஊற்றும் நாளெல்லாம் சண்டை.
நாலு வருஷம் ஒரே அறை, மேல் கட்டில் அவனுக்கு.

ருமேனியாவுக்கு விசா வந்ததை
கடைசி வாரம்தான் சொன்னான்.
ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.
"மறைக்கேல்லை. நான் இங்க இருக்க வந்தனான் எண்டு
எப்ப சொன்னனான்?"

போர்வையும் முழுக்கைச் சட்டை ஒன்றும் விட்டுப்போனான்.
தோள் சரி. நெஞ்சு சரி. கழுத்துப் பட்டன் சரி.
கை மட்டும் விரல்கணு வரை வந்தது.
வெள்ளிக்கிழமை ஸ்கேல் கையில் கிடைத்தபோது
யாரும் பார்க்காமல் வைத்துப் பார்த்தேன்.
எவ்வளவு என்று எழுதிவைக்கவில்லை.

ஜனவரியில் வலையில் ஒரு பழைய வளையம்.
ஹெஸ்ஸா எண்ணை வாசிக்க வாசிக்க,
சட்டைக் கையை இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டு
மறுபிடிப்பு என்று எழுதினேன்.
கால் கரி.
எடை ஒன்பது; கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.
உள்ளங்கையைத் திறந்தேன்.
நாணல் வரைதான் போனது.